சாம்பாரில் கலக்கும் மாத்திரை முதல் ஐஸ் வரை: போதை சிகிச்சை பற்றி வாசகர் கேள்வி-பதில்

போதைப் பழக்கம் பற்றி வரும் கடிதங்கள் எல்லாமே கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: "இதைச் செய்தால் நிற்குமா?" மனநல மருத்துவராக எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் ஒரு டாக்டரின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. சிகிச்சை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன. அவற்றை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன்.

கணவர் தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாம். மாமியார் மெடிக்கலில் வாங்கி வருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா டாக்டர்? (வாசகி, கும்பகோணம்)

வேண்டாம் அம்மா. கண்டிப்பாக வேண்டாம்.

அது பெரும்பாலும் டைசல்ஃபிரம் மாத்திரையாக இருக்கும். 1940-களின் பிற்பகுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் அதன் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். மது உடம்புக்குள் போனதும் அசிடால்டிஹைடு என்ற நச்சாக மாறும். கல்லீரல் அதை உடனுக்குடன் அகற்றிவிடும். இந்த மாத்திரை கல்லீரலின் அந்த வேலையைத் தடுக்கிறது. நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு இருப்பவருக்கு உயிரே போகலாம். மாத்திரை உள்ளே இருப்பது தெரியாதவர் வழக்கம் போல ஒரு குவார்ட்டரையும் குடித்துவிடுவார். ஆபத்து அங்கேதான். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடம்பில் இருக்கும்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 605 பேரை வைத்து நடந்த ஆய்வு 1986-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 250 மில்லிகிராம் டைசல்ஃபிரம், இன்னொரு பிரிவுக்குப் பெயருக்கு 1 மில்லிகிராம், மூன்றாவது பிரிவுக்கு வெறும் வைட்டமின். வருஷம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எந்தப் பிரிவானாலும் தினமும் ஒழுங்காக மாத்திரை போட்டவர்கள்தான் தேறினார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: "இதைப் போட்டிருக்கிறேன், குடித்தால் ஆபத்து" என்று தெரிந்து, வீட்டில் ஒருவர் கண்ணெதிரே சாப்பிடும்போதுதான் டைசல்ஃபிரம் பலன் தருகிறது. தெரியாமல் கலந்து கொடுத்தால் அந்தப் பலன் கிடையாது, ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

அவர் சம்மதித்தால் வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் கிளர்ச்சியைக் குறைக்கும். அகாம்ப்ரோசேட் நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும். 122 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவர் பழைய குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றலாம். அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம் அம்மா. இரண்டு மருந்தும் அடிமையாக்குபவை அல்ல.

அப்பா வருஷாவருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் குடிக்காமல் இருப்பார். மலைக்குப் போய் வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவார். இந்த வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். காத்து கருப்பு என்று சொல்லித் திருநீறு போட்டார்கள். சரியாகிவிட்டது. அடுத்த வருஷமும் மாலை போடலாமா? (மகன், திண்டுக்கல்)

தம்பி, அப்பா பிழைத்தது பெரிய விஷயம். அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, நேரம் இடம் குழம்புவது, காய்ச்சல், வியர்வை எல்லாம் வரலாம். சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இறப்பு அபூர்வம். குளோர்டயாஸிபாக்சைடு, லோரஸிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி அவசியம். குடியால் தயமின் வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் டிரிப் ஏற்றும்போது "தயமின் போட்டாச்சா?" என்று நீங்களே கேளுங்கள்.

மாலை போடலாமா? தாராளமாகப் போடலாம். ஒரு வாரம் முன்னதாக டாக்டரிடம் காட்டிவிட்டு, குடியை மருத்துவ மேற்பார்வையில் நிறுத்திய பிறகு போடுங்கள்.

48 நாள் அவரால் எப்படி முடிகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். விடிகாலைக் குளியல், கூட நடக்கும் சாமிகள், ஊரே "சாமி" என்று கூப்பிடுவது, கடைப் பக்கம் கால் போகாதது. ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் கூட்டத்துக்கு உண்மையிலேயே பலம் உண்டு. ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் (குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்கள்) பற்றிய 27 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2020-இல் தொகுத்தது. அந்த வழியில் ஒழுங்காகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஒரு வருஷம் முடிவில் 42 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற ஆலோசனை முறைகளில் 35 சதவீதம். அப்பாவுக்கு மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டமும் கலைந்துவிடுகிறது. அங்கேதான் சறுக்குகிறார். அதனால் விரத நாளிலேயே அகாம்ப்ரோசேட் ஆரம்பித்து, மலையிலிருந்து இறங்கிய அதே வாரத்தில் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்.

தம்பி குடிப்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். ஆஸ்பத்திரி என்றாலே சண்டை. நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் எங்காவது சேர்த்துவிடலாமா? (அக்கா, தூத்துக்குடி)

கட்டித் தூக்கிப் போய்ச் சேர்க்கிறோம் என்று சொல்லும் இடங்களுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதே குற்றம்.

வராதவரை வரவைப்பதற்கும் சோதித்துப் பார்த்த வழி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் குடிப்பவரின் குடும்பத்தினர் 130 பேரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். முடிவு 1999-இல் வெளியானது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து எதிரே நிறுத்திக் கேட்கும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினர் தங்களுக்குள் ஆறுதல் தேடும் முறையில் 13 சதவீதம். குடும்பத்துக்குச் சில நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்த முறையில் 64 சதவீதம்.

அந்த நடைமுறைகள் இவைதான். குடிக்காத நேரத்தில் அன்பாகப் பேசுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். குடித்து வந்தால் சண்டையும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம், விலகிவிடுங்கள். வேலைக்குப் போகாத நாளில் "தம்பிக்குக் காய்ச்சல்" என்று முதலாளிக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். அவன் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். காலையில் அவனே "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லும் நேரம் வரும். அப்போது பேசுங்கள், டாக்டர் தேதியைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது இதே காரணத்தால்தான்.

பள்ளியில் போதை ஒழிப்புப் பேரணி, உறுதிமொழி, போலீஸ் அதிகாரி உரை எல்லாம் நடத்துகிறோம். பலன் இருக்கிறதா? (தலைமையாசிரியர், ஈரோடு)

உங்கள் அக்கறைக்கு நன்றி ஐயா. நேராகச் சொல்கிறேன்: இதனால் மட்டும் பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. பெற்றோர்களுக்குப் பிடித்திருந்தது. பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் வித்தியாசம் இல்லை. பிரேசிலில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. ஐரோப்பாவில் பலன் தந்த ஒரு பாடத்திட்டத்தை எடுத்து 72 அரசுப் பள்ளிகளில் 2014-15-இல் சோதித்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளிடம் முதன்முதலாக மது குடித்துப் பார்ப்பது கூடியிருந்தது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் தீமை வரலாம் என்பதால்தான் தடுப்புத் திட்டங்களையும் மருந்தைப் போலவே சோதிக்க வேண்டும் என்கிறேன்.

பலன் தந்த ஒன்று மிக எளிமையானது. 1980-களில் பால்டிமோர் நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, வகுப்பு விதிகளை மீறாத அணிக்குச் சின்னப் பரிசு கொடுத்தார்கள். போதை என்ற பேச்சே எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு 19, 21 வயதானபோது, குறிப்பாகச் சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம், போதைக்கு அடிமையாவது குறைந்திருந்தது. அடங்கி உட்காரவும் கூடிப் பழகவும் ஆறு வயதில் கற்றுக்கொண்டது பதினைந்து வருஷம் கழித்து உதவியிருக்கிறது. பேரணிக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் பயிற்சிக்குக் கொடுங்கள். மீதிப் பாதியில், கடைசி பெஞ்சில் அடிக்கடி வராமல் போகும் பையனின் வீட்டுக்குப் போய் வாருங்கள். பள்ளி பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலைப் பொட்டலம் விற்றால் புகார் கொடுங்கள்.

என்ட மகன் ஐஸ் பாவிக்கிறான். தமிழ்நாட்டில ஏதும் மருந்து இருக்கா? (அம்மா, யாழ்ப்பாணம்)

ஐஸ் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமினுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எந்த நாட்டிலும் இல்லை அம்மா. மருந்துக்காகக் கடல் கடந்து வர வேண்டாம். அமெரிக்காவில் 403 பேரிடம் நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன், எடுக்காதவர்களில் 2.5 சதவீதம். நம்பிக்கை தருகிறது, ஆனாலும் போதாது.

இதுவரை அதிக ஆதாரம் உள்ளது பரிசு முறை. வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். போதை இல்லை என்று வந்தால் உடனே ஒரு சிறு பரிசு, தொடர்ந்து சுத்தமாக வந்தால் பரிசு கூடும். போதைக்காரனுக்குப் பரிசா என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் முடிவுகள் பரிசின் பக்கம் இருக்கின்றன. ஐஸ் மூளையின் பரிசுணர்வைக் கைப்பற்றிவிடுகிறது. அதே உணர்வுக்கு வேறொரு தீனி கொடுப்பதுதான் இந்த வழி. மகன் யாரோ பேசுவது கேட்கிறது என்றாலோ, எல்லார் மீதும் சந்தேகப்பட்டாலோ, தூங்காமல் கிடந்தாலோ உடனே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

சிகிச்சைக்குப் போன இடத்தில் அண்ணனை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (மதுரை)

பயப்படுவதில் தப்பில்லை. கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முதலில், சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகள் எல்லாம் அங்கே பதிவாக வேண்டும். நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அடுத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி, தமிழில் எழுதிய விளக்கத் தாள், பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் தருவது. 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி இவை உங்கள் உரிமை. போதையிலோ நடுக்கத்திலோ இருக்கும்போது வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தெளிந்த பிறகு, படித்துப் பார்த்துப் போட வேண்டும். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

வெறும் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்பது உங்கள் இரண்டாவது பயம். கிடைக்கலாம்தான். ஆனால் நடுக்கத்துக்கான சிகிச்சையை நிறுத்திவிட்டு அப்படிக் கொடுக்கக் கூடாது. 2006-இல் வெளியான 'கம்பைன்' என்ற பெரிய ஆய்வில் 1,383 பேர் சேர்ந்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களையும் டாக்டரோ நர்சோ தொடர்ந்து பார்த்து, மாத்திரை போட்டீர்களா, எத்தனை நாள் குடித்தீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஆய்வுக்கு முன் 100 நாளில் 25 நாள் குடிக்காமல் இருந்தவர்கள், ஆய்வு நடந்த 16 வாரத்தில் எல்லாப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் 100 நாளுக்கு 73 நாள் என்ற கணக்கில் குடிக்காமல் இருந்தார்கள். ஒழுங்காக நடக்கும் ஓர் ஆய்வில் அண்ணனுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கவனிப்பே கிடைக்கும். விளக்கத் தாள் திருப்தியாக இருந்தால் சேரட்டும் என்பது என் கருத்து.

உடம்பு இளைக்கப் போடும் செமாகுளுடைட் ஊசி குடியையும் நிறுத்துமாமே? (சென்னை)

2025-இல் வந்த ஆய்வு 48 பேரிடம் 9 வாரம் மட்டும் நடந்தது. குடிக்கும் அளவும் ஆசையும் குறைந்தன. குடிக்கும் நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதே வகையைச் சேர்ந்த எக்செனடைட் ஊசியை டென்மார்க்கில் 127 பேரிடம் சோதித்தபோது மொத்தத்தில் பலன் தெரியவில்லை. உடல் பருமன் உள்ளவர்களிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பெரிய ஆய்வுகள் வரட்டும். இப்போதைக்குக் குடிக்காக இதைப் போடாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறேன். பாதி வீட்டில் குடிப் பிரச்சினை. நான் பத்தாவதுதான். என்னால் என்ன செய்ய முடியும்? (தன்னார்வலர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

நிறைய செய்ய முடியும் சகோதரி. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆபத்தான அளவு குடிக்கும் ஆண்கள் 377 பேரிடம் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களோ மனநலம் படித்தவர்களோ இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அதிகபட்சம் நாலு சந்திப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள். மூன்றாம் மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம். ஒரு வருஷத்தில் இடைவெளி இன்னும் கூடியது: 54-க்கு 32.

திட்டாமல், எவ்வளவு குடிக்கிறார், அதனால் அவருக்கே என்ன கஷ்டம் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவமான 'ஆடிட்' உதவும். 20 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால், கை நடுக்கம் இருந்தால், நீங்கள் சமாளிக்க வேண்டாம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். மத்திய அரசின் 2019 கணக்கெடுப்பின்படி குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரின் வீட்டு வாசல் வரை போகிறவர் நீங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். கோவா ஆய்வில் குடி குறைந்தும், மனைவியை அடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அடி வாங்கும் பெண்ணிடம் "அவர் குடியை விட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காக்க வைக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எழுதிக் கொடுங்கள். குடிப்பவருக்குப் போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டும் வேறு வேறு உதவி, இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கலாம்.