கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொன்றது குளிரா?

கேள்வி: 1854-ல் உலகத்தின் மிகப் பெரிய பேரரசு பிரிட்டன். அதன் படை ரஷ்யாவோடு சண்டை போடக் கிரிமியாவுக்குப் போய்க் குளிரில் அழிந்தது என்கிறார்கள். அவ்வளவு பணக்கார நாட்டால் தன் சிப்பாய்களுக்குக் கம்பளிகூடக் கொடுக்க முடியவில்லையா?

பதில்:

கொடுக்க முடிந்தது. கம்பளி கப்பலில் வந்து இறங்கிக் கிடங்கிலும் கிடந்தது. சிப்பாய் கைக்குத்தான் வரவில்லை. நான் சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவன், அதனால் இந்தப் போரைப் படிக்கும்போதெல்லாம் என் கண் போர்க்களத்தைவிடத் துறைமுகத்தின் பக்கம்தான் போகும். குளிர்தான் காரணம் என்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

முதலில் கணக்கு. இந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினர் சுமார் 21,000 பேர். சண்டையிலும் காயத்தாலும் இறந்தவர்கள் 5,000-க்கும் குறைவு. மீதி சுமார் 16,000 பேர் காலரா, சீதபேதி, காய்ச்சல், ஸ்கர்வி (பழமும் காய்கறியும் இல்லாமல் வரும் ஈறு நோய்) என்று நோயில் போனவர்கள். ஆல்மா, பலக்லாவா, இங்கர்மன் என்று மூன்று பெரிய சண்டைகள், அதன் மேல் ரஷ்யக் கடற்படையின் துறைமுக நகரமான செவாஸ்தபோலை ஏறக்குறைய ஒரு வருடம் வளைத்திருந்த முற்றுகை, இவ்வளவும் சேர்ந்து கொன்றதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

1854 செப்டம்பரில் படை கரையிறங்கியபோதே தொல்லை ஆரம்பித்துவிட்டது. அதற்குமுன் தங்கியிருந்த, கருங்கடலின் மேற்குக் கரையில் உள்ள வர்னா முகாமிலேயே காலரா பிடித்து ஆட்கள் நடக்கத் தெம்பில்லாமல் இருந்ததால், மாற்றுத் துணி இருந்த முதுகுப் பைகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொன்னார்கள், அந்தப் பைகள் வாரக்கணக்கில் அவர்களிடம் திரும்பி வரவில்லை. செவாஸ்தபோலைச் சீக்கிரம் பிடித்துவிடலாம், குளிர்காலம் வரை இங்கே இருக்கப் போவதில்லை என்ற நினைப்பு.

நகரம் விழவில்லை. பிரிட்டிஷ் படை சரக்கு இறக்கத் தேர்ந்தெடுத்த இடம் பலக்லாவா என்ற சின்னத் துறைமுகம். அங்கிருந்து செவாஸ்தபோலுக்கு முன்னால் மேட்டில் இருந்த முகாமுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதற்கு வரன்சோவ் சாலை என்று கெட்டியான ஒரு நல்ல சாலை இருந்தது. அக்டோபர் 25 பலக்லாவா சண்டையில் அந்தச் சாலை போகும் மேடுகளை ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்று இலகு குதிரைப்படை தவறான உத்தரவால் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்ததை எல்லோரும் பேசுகிறார்கள், கவிதையே வந்துவிட்டது. அதில் இறந்தவர்கள் சுமார் 110 பேர். அதே நாளில் சாலை போனதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் அடுத்த நான்கு மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சாகக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. மிச்சம் இருந்தது ஒரு மண் பாதை. மழை பெய்ததும் முழங்கால் சேறு.

நவம்பர் 14-ம் தேதி பெரும் புயல் அடித்தது. கூடாரங்கள் பறந்தன, துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்கள் பாறையில் மோதி உடைந்தன, குளிர்கால உடைகளோடு வந்த 'பிரின்ஸ்' என்ற நீராவிக் கப்பலும் மூழ்கியது. குளிர்தான் காரணம் என்று சொல்பவர்கள் கதையை இங்கே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் புயலில் வைக்கோலும் போனது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வைக்கோல் இல்லாமல் குதிரை நிற்காது, குதிரை இல்லாமல் 10 கிலோமீட்டர் சேற்றில் எதுவும் மேலே ஏறாது. குதிரைகள் பசியில் ஒன்றின் வாலை இன்னொன்று கடித்துத் தின்றன. அவை செத்த பிறகு சிப்பாய்களே சுமந்தார்கள். இரவு முழுக்கப் பதுங்குகுழியில் நனைந்துவிட்டு வந்தவன், பகலில் துறைமுகம் வரை நடந்து போய்த் தன் ரொட்டியையும் உப்புக்கறியையும் முதுகில் சுமந்து வரவேண்டும். வந்ததும் மறுபடி பதுங்குகுழி.

சாப்பாட்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கப்பற்படையில் ஸ்கர்விக்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பது 1795-லிருந்தே வழக்கம், அதாவது மருந்து தெரிந்து 60 வருடம் ஆகிவிட்டது. 1854 டிசம்பரில் எலுமிச்சைச் சாறு பலக்லாவாவுக்கு வந்தும் விட்டது. கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் பிப்ரவரி வரை கிடங்கிலேயே இருந்தது, மேலே முகாமில் ஈறு அழுகிப் பல் கொட்டி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காபியை வறுக்காமல் பச்சைக் கொட்டையாகவே கொடுத்தார்கள். அந்த மேட்டில் விறகே கிடையாது, பனிக்குள் தோண்டி வேரைப் பிடுங்கி எரித்தவர்கள் அவர்கள், அதில் கொட்டையை எப்போது வறுத்து எதை வைத்து இடிப்பது? பீரங்கிக் குண்டை வைத்து இடித்திருக்கிறார்கள். கிடங்கில் இருந்த மேலங்கிகளையும் கொடுக்கவில்லை, ஒரு சிப்பாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒன்று என்பது விதியாம்.

இதெல்லாம் யார் பொறுப்பு? தளபதி ராக்லன் பிரபுவைத் திட்டுவது சுலபம். வாட்டர்லூ போரில் ஒரு கையை இழந்தவர், வயது அறுபதைத் தாண்டியவர், அதற்குமுன் ஒரு படையைக்கூட களத்தில் தலைமை ஏற்று நடத்தியதில்லை. அவருக்குக் கீழே பதவியைக் காசு கொடுத்து வாங்கிய அதிகாரிகள் நிறையப் பேர். ஆனால் படைக்குச் சோறும் தீவனமும் வாங்கித் தரும் துறை ராக்லனின் கையில் இல்லை. அது லண்டனில் கருவூலத்தின் கீழ் இருந்தது, அதாவது போர் நடத்துகிறவர் ஒருவர், அவருடைய குதிரைக்கு வைக்கோல் தேவையா என்று முடிவு செய்கிறவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொருவர். படையோடு இருந்த அந்தத் துறையின் தலைவர் ஃபில்டர் 2,000 டன் வைக்கோல் வேண்டும் என்று செப்டம்பரிலேயே கேட்டார். நவம்பர் முடியும்வரை வந்தது அதில் மிகச் சிறு பங்கு.

கருவூலத்தில் இந்தத் துறையை மேல்பார்த்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தபோது நிவாரணச் செலவைக் கையில் வைத்திருந்தவரும் இவர்தான். கிரிமியாவில் நின்ற சிப்பாய்களில் சுமார் மூன்றில் ஒருவர் அயர்லாந்துக்காரர், அவர்களில் பலர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை. ஊரில் பட்டினி கிடந்து, பிழைப்புக்காகப் படையில் சேர்ந்து, அங்கேயும் அதே மேசையிலிருந்து வரும் அனுமதிக்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது.

1855 ஜனவரியில் முகாமில் வேலைக்குத் தகுதியாக இருந்தவர்கள் சுமார் 11,000 பேர், நோயாளிகளும் காயம்பட்டவர்களும் அதைப்போல இரண்டு மடங்கு. நோயாளிகளைக் கருங்கடல் தாண்டி இஸ்தான்புல்லுக்கு எதிரே ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே பலர் போய்விட்டார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு அங்கே வந்தது நவம்பர் 4. அதன் பிறகும் சாவு ஏறிக்கொண்டேதான் இருந்தது, பிப்ரவரியில் உச்சம். கட்டடம் அடைத்துப்போன சாக்கடைகளின் மேல் நின்றது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு சாவு மளமளவென்று குறைந்தது. நைட்டிங்கேல் பிற்பாடு புள்ளிவிவர வரைபடங்கள் போட்டு இதைத்தான் நிரூபித்தார், அவருடைய மிகப் பெரிய வேலை என்று நான் மதிப்பது அதுதான்.

'தி டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸல் முகாமிலிருந்து எழுதியதைப் படித்து லண்டன் கொதித்தது. ஜனவரி 29-ல் நாடாளுமன்றத்தில் விசாரணை கேட்டு வந்த தீர்மானம் 305-க்கு 148 என்று ஜெயித்து, பிரதமர் அபெர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில். பீட்டோ, பிராஸி என்ற ரயில் காண்ட்ராக்டர்கள் கூலிக்காரர்களை அழைத்து வந்து பிப்ரவரியில் தண்டவாளம் போட ஆரம்பித்து, ஏழே வாரத்தில் துறைமுகத்திலிருந்து மேடு வரை ரயில் ஓடவிட்டார்கள். குடிசைகள் வந்தன, துணி வந்தது, புதுக் காய்கறியும் இறைச்சியும் வந்தன. 1855–56 குளிர்காலத்திலும் அதே கிரிமியாதான், அதே பனிதான், பிரிட்டிஷ் படை ஆரோக்கியமாக இருந்தது. முதல் குளிர்காலத்தில் தங்களுக்கென்று தனித் துறைமுகமும் சாலையும் வைத்து எவ்வளவோ நன்றாக இருந்த, பிரிட்டனோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுப் படைதான் இந்த முறை டைபஸ் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தது.

விசாரணையும் நடந்தது. மக்நீல், டல்லக் என்ற இருவர் கிரிமியாவுக்கே போய்க் கிடங்குக் கணக்கையும் படைப்பிரிவுகளின் கணக்கையும் ஒப்பிட்டு 1856-ல் அறிக்கை கொடுத்தார்கள், எலுமிச்சைச் சாறு விஷயமெல்லாம் அதில் வெளிவந்ததுதான். பெயர் அடிபட்ட அதிகாரிகளை விசாரிக்க லண்டன் செல்ஸியில் தளபதிகளின் குழு ஒன்று கூடியது. அதிகாரிகள் யார் மேலும் தப்பில்லை, கருவூலம் தீவனம் அனுப்பாததுதான் காரணம் என்று அது முடித்தது. கருவூலத்தில் யாருக்கும் வேலை போகவில்லை. ட்ரெவெல்யன் 1859-ல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து சேர்ந்தார்.