யாழ்ப்பாணத்துக்கு சைக்கிளில்: நான்கு நாள் போதுமா?

கேள்வி: நானும் தம்பியும் வரும் ஓகஸ்டில் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சைக்கிளில் போக இருக்கிறோம். 400 கிலோமீற்றர், நாளுக்கு 100 வீதம் நான்கு நாள் என்று கணக்கு. தம்பியிடம் கியர் சைக்கிள் இருக்கிறது. என்னுடையது சாதாரண லுமாலா. புதிதாக வாங்க வேண்டுமா? எந்த வழி நல்லது? அம்மா யானைக்கும் லொறிக்கும் பயப்படுகிறார்.
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நான்கு நாளை ஆறாக்குங்கள். 100 கிலோமீற்றரைக் கால் தாங்கும், ஓகஸ்ட் வெயிலைத் தலை தாங்காது. புத்தளம் தாண்டிவிட்டால் காலை 11 மணிக்கே தார் வீதி அனல் கக்கும். 11 முதல் 3 வரை நிழலில் கிடப்பது என்று வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எவ்வளவு ஓடலாம் என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் மச்சானும் உங்கள் கணக்கையே போட்டுப் புறப்பட்டோம். நொச்சியாகமவில் ஒரு கடை வாங்கில் சாய்ந்த மச்சான் பொழுதுபடும்வரை எழும்பவில்லை. உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் ஜீவனி உப்புக் கரைசலும் கொடுத்துக் கொடுத்துத்தான் ஆளைத் தேற்றினேன். அந்தப் பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

மாதம் நல்ல மாதம்தான். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் வடக்கே போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளும். தை, மாசியில் போயிருந்தால் வாடை முகத்தில் அடித்திருக்கும். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதுதான் சுகம்.

பேலியகொடை வழியாக வெளியேற வேண்டாம். விடிய 5 மணிக்கு இறங்கி, மட்டக்குளிப் பாலம் தாண்டி, ஹெந்தளை, பமுனுகம, தலாஹேன என்று ஹமில்டன் கால்வாயை ஒட்டி நீர்கொழும்புக்குப் போங்கள். இரவு சிலாபத்தில். முன்னேஸ்வரத் திருவிழாக் காலமென்றால் அறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டாம் நாள் புத்தளம்வரை போதும். வழியில் பத்துளுஓயாவில் இடப்பக்கம் திரும்பி உடப்புக்குப் போய் வாருங்கள். சுற்றிவரச் சிங்களம் பேசும் கரையில் தமிழை விடாமல் வைத்திருக்கிற மீனவக் கிராமம் அது. திரௌபதி அம்மன் கோவில் வாசலில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பேச்சைக் கேட்கவே அரை நாள் வேண்டும்.

புத்தளம்–அநுராதபுரம் 75 கிலோமீற்றர். வீதிக்கு வடக்கே வில்பத்துக் காடு. இங்கே மட்டும் விடிய முன் புறப்படாதீர்கள். நன்றாக வெளித்த பிறகு ஏறுங்கள், மாலை 5 மணிக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். யானை நின்றால் படம் எடுக்கப் போகாமல் பின்னால் வந்து, பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருங்கள். அம்மா பயப்படும் அதே லொறிதான் அந்த இடத்தில் உங்களுக்குத் துணை.

அங்கிருந்து வவுனியா போய் ஏ9 பெருவீதியைப் பிடித்தால் தூரம் குறைவு. ஆனால் நாள் முழுக்க பஸ் உரசிக்கொண்டு போகும். நான் மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பச் சொல்லுவேன். 40, 50 கிலோமீற்றர் கூடும், கூடட்டும். நான்காம் இரவு மடு, ஐந்தாம் இரவு மன்னார். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, அதை ஒட்டிய நாட்களில் அங்கே படுக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

சைக்கிளுக்கு வருவோம். புதிது வேண்டாம். வழி முழுக்கத் தட்டை நிலம், கியர் இல்லாமல் தாராளமாகப் போகலாம். சீற்றை மட்டும் உயர்த்துங்கள்: குதிக்காலைப் பெடலில் வைத்து மிதித்தால் முழங்கால் நிமிர வேண்டும். பின்சில்லுக் கம்பிகளை இறுக்குவியுங்கள். பை முதுகில் வேண்டவே வேண்டாம், கரியரில் கட்டுங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுப் பாரத்தோடும் நீர்கொழும்புவரை போய்த் திரும்புங்கள். எது தளர்கிறது, எது உரசுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒட்டுப் போடவும் இருவரும் பழகுங்கள். முருங்கன் பக்கம், கட்டுக்கரைக் குளத்துக்குக் கிட்ட எனக்குக் காற்றுப் போனது. டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உரசி, சொலூஷன் பூசி, காயவிட்டு ஒட்டினேன். அரை மணியில் திரும்பவும் போனது. மறுபடி கழற்றி டயரின் உட்பக்கத்தை விரலால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது. உடைமுள்ளின் முனை, அரைக் குறுநொய் அளவு, டயருக்குள்ளேயே நின்றிருந்தது. ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு சுற்றுத் தடவுங்கள், மெதுவாக, முள் விரலில் ஏறும்.

கடைசி நாள்தான் கடினம், 100 கிலோமீற்றருக்குக் குறையாது. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று ஊர்கள் வரும், ஆனால் இடையில் மரநிழல் அரிது. ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர் எடுங்கள். பூநகரி தாண்டினால் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். அதுவரை தள்ளி வந்த சோளகம் அங்கே இடப்பக்கமாக அடித்து நடு வீதிக்குத் தள்ளப் பார்க்கும். காற்றுப் பலமாக இருந்தால் இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் கடல்நீர், அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய இடம்.

திரும்பும்போது அந்தக் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டாம். சைக்கிள்களை ரயிலில் பார்சலாகப் போடுவது பற்றி யாழ்ப்பாண நிலையத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள். அப்புறம், ஆறு இரவும் தங்கும் இடங்களை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். இருட்டுவதற்கு முன் தினமும் அவருக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்கள்.