சொப்சி ரைஸ் சீனாவில் கிடைக்குமா?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, சீனச் சமையலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மலையகத்தின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க சீனச் சாப்பாடுதான்.

பண்டாரவளை வாசகி: அக்கா, இங்கே டவுனில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் சொப்சி ரைஸ், டெவில்ட் சிக்கன், சைனீஸ் ரோல்ஸ் இருக்கிறது. சீனாவில் உள்ளவர்கள் உண்மையிலேயே இதையெல்லாம் சாப்பிடுகிறார்களா?

இல்லை தங்கச்சி. ரோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய அப்பத்துக்குள் கிழங்கும் மீனும் வைத்துச் சுருட்டி, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிறோமே, அதைப் பெய்ஜிங்கில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். டெவில்ட் சிக்கன் சீனத் தாச்சியில் நம்ம நாட்டுச் சமையல்காரர்கள் தக்காளி சோஸும் மிளகாயும் போட்டுப் பிரட்டி எடுத்தது. சொப்சி அமெரிக்கா வழியாக ஊர் ஊராகப் பரவியது, 19ஆம் நூற்றாண்டில் குவாங்டொங் பக்கமிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள் கையில் கிடைத்த மரக்கறியையும் இறைச்சியையும் வைத்துச் சமைத்தது. அதற்காக இவை மட்டமான சாப்பாடு என்று நான் சொல்ல வரவில்லை, மழை நாளில் சூடான ரோல்ஸும் பிளேன்டீயும் கிடைத்தால் நானும் விடமாட்டேன். ஆனால் இவற்றைச் சாப்பிட்டுவிட்டு "சீனச் சாப்பாடு இவ்வளவுதான்" என்று முடிவு கட்டக் கூடாது. நம்ம ஹோட்டல்களில் கிடைப்பதில் நேரே சீனாவிலிருந்து வந்தது என்றால் ஃப்ரைட் ரைஸைச் சொல்லலாம். யாங்சோ நகரத்துப் பாணியில் முட்டை, இறால், பச்சைப் பட்டாணி எல்லாம் இருக்கும், சோயா சோஸைப் பெரும்பாலும் காண முடியாது, சோறு வெள்ளையாகவே இருக்கும். ஆறிப்போன பழைய சோற்றில் செய்வார்கள். அப்போதுதான் பருக்கை பருக்கையாக நிற்கும்.

யட்டியாந்தோட்டை வாசகர்: சின்ன வயதில் கூப்பன் கடையில் சீன அரிசி என்று கொடுத்தார்கள். அது உண்மையில் சீனாவிலிருந்துதான் வந்ததா? அங்கேயும் மூன்று வேளையும் சோறுதானா?

ஆமாம் ஐயா, சீனாவிலிருந்தேதான். 1952இல் போட்ட ரப்பர் அரிசி ஒப்பந்தம் அது. இங்கிருந்து ரப்பர் போனது, அங்கிருந்து அரிசி வந்தது. உங்கள் பக்கத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களின் உழைப்பும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் சீனா முழுக்கச் சோறு தின்கிற நாடு கிடையாது. தெற்கே சோறு, வடக்கே கோதுமை. வடக்கில் நூடில்ஸ், ஆவியில் அவித்த மான்தோ என்ற வெள்ளை பன், மாவுக்குள் இறைச்சியும் கோவாவும் வைத்து அவிக்கிற ஜியாவ்ஸி. இதையெல்லாம் "சீனச் சமையல்" என்று ஒரே பானையில் போடுவது, யாழ்ப்பாணத்துக் கூழையும் பஞ்சாப் ரொட்டியையும் ஒரே சமையல் என்பதைப் போலத்தான்.

தலவாக்கலை வாசகி: எங்கள் வீட்டில் விறகடுப்பு. விதவிதமான சோஸ் போத்தல்கள் வாங்க வசதியில்லை. அப்படியும் ஒரு உண்மையான சீனச் சாப்பாடு செய்ய முடியுமா?

முடியும் தங்கச்சி. விறகடுப்பைக் குறையாகச் சொல்லாதீர்கள். தாச்சிக்கு வேண்டியது பெரிய நெருப்பு, எங்கள் கேஸ் அடுப்பில் அது வருவதில்லை.

உலகத்திலேயே அதிகம் உருளைக்கிழங்கு விளைவது சீனாவில்தான். அங்கே வீட்டுக்கு வீடு செய்கிற ஒரு கிழங்குப் பொரியல் இருக்கிறது, வெளிநாட்டு ஹோட்டல்களின் மெனுவில் அதை அதிகம் காண முடியாது. நல்ல கெட்டியான நுவரெலியாக் கிழங்கு இரண்டு எடுத்துத் தோல் சீவி, முதலில் மெல்லிய தகடாக, பிறகு நெருப்புக்குச்சி பருமனில் வெட்டுங்கள். வெட்டியதைத் தண்ணீரில் போட்டு அலசினால் தண்ணீர் பால் போல ஆகும், அது மாப்பசை. தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும், இதில் சோம்பல்பட்டால் தாச்சியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். அப்புறம் நன்றாக வடித்து, ஒரு துணியில் ஒற்றி எடுங்கள். எண்ணெய் புகை வருகிற அளவுக்குக் காய்ந்ததும் செத்தல் மிளகாய், நசுக்கிய உள்ளி, உடனே கிழங்கு. போட்ட கையோடு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள், புளிப்பு இருந்தால் கிழங்கு குழையாது. உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளறி இறக்குங்கள். கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். என் மாமியார் முதல் வாய் வைத்ததும் "கிழங்கு வேகலையே" என்றார். அது அப்படித்தான் இருக்கணும். ஒரு போத்தல் சோஸ்கூட வேண்டாம், பார்த்தீர்களா?

இராகலை வாசகி: மகனுக்கு வூஹானில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவன் மாட்டிறைச்சி தொடமாட்டான். பட்டினி கிடப்பானோ என்று பயமாக இருக்கிறது.

கவலைப்படாதீர்கள் அம்மா. வூஹான் காலைச் சாப்பாட்டுக்கே பேர் போன ஊர், விடியும்போதே தெருவில் சட்டிகள் கொதிக்கத் தொடங்கிவிடும். முதலில் அவனை ரகான்மியன் சாப்பிடச் சொல்லுங்கள். முன்கூட்டியே அவித்து எண்ணெய் பூசி ஆறவைத்த நூடில்ஸை, ஆள் வந்து கேட்டதும் வலைக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, கெட்டியான எள்ளு விழுதும் ஊறுகாய்த் துண்டும் போட்டுக் கொடுப்பார்கள். உடனே கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுது இறுகிவிடும். தோபி என்று இன்னொன்று: அரிசியும் பாசிப்பயறும் அரைத்த மாவைப் பெரிய தட்டையான சட்டியில் பரப்பி, மேலே முட்டை ஊற்றி, ஒட்டரிசிச் சோறு, காளான், இறைச்சி எல்லாம் வைத்து மடித்துச் சதுரமாக வெட்டுவார்கள். அதில் பன்றி இறைச்சி இருக்கலாம், கேட்டு வாங்கட்டும். அப்புறம் மியன்வோ. அரிசியும் சோயாவும் அரைத்துப் பொரிப்பது, ஓரம் தடிப்பாகவும் நடு மெல்லிசாக மொறுமொறுப்பாகவும் இருக்கும். வடை தின்று வளர்ந்த பிள்ளைக்கு அது போதும்.

லான்சோ நூடில்ஸ் கடைகள் மூலைக்கு மூலை இருக்கும். முஸ்லிம்கள் நடத்துகிற கடைகள், பன்றி கிடையாது, ஆனால் அந்தச் சாறு மாட்டிறைச்சியில் கொதித்தது. அதற்காகவே மகனுக்கு மூன்று சொற்களைப் பாடமாக்கிக் கொடுங்கள்: மாடு "நியூ ரோ", பன்றி "ஜூ ரோ", வேண்டாம் "பூ யாவ்". விமானம் ஏறும் முன்பே வாயில் வந்துவிட வேண்டும்.

மாத்தளை வாசகர்: சீனர்கள் குதிரை மூத்திரத்தில் முட்டையை ஊறவைத்துத் தின்பார்களாமே?

புளுகு, தம்பி. பீதான் என்று பெயர். வாத்து முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு கலந்த களிமண்ணில் பொதிந்து சில கிழமைகள் முதல் சில மாதங்கள்வரை வைப்பார்கள். காரம் ஏறி வெள்ளைக்கரு கறுத்த ஜெலியாகவும் மஞ்சள்கரு சாம்பல் பச்சையாகவும் மாறும், அமோனியா வாடை வரும். அந்த வாடையிலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியிருக்க வேண்டும். கஞ்சியில் வெட்டிப் போட்டுச் சாப்பிடுவார்கள்.

ஹட்டன் வாசகி: நாங்கள் பரம்பரையாகக் கொழுந்து பறிக்கிறவர்கள். தேயிலையைக் குடிக்கத்தான் தெரியும். சீனர்கள் அதைச் சமையலில் போடுவார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இந்த நாட்டில் 1824இல் பேராதனைப் பூங்காவில் முதலில் நட்ட தேயிலைச் செடி சீனாவிலிருந்து வந்தது, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டமாகப் போட்டது 1867இல். குடிக்கிற பழக்கம் வந்தது, சமைக்கிற பழக்கம் மட்டும் வரவில்லை. ஹாங்சோவில் லோங்ஜிங் பச்சைத் தேயிலையோடு இறால் பிரட்டுவார்கள். சிச்சுவானில் வாத்தைத் தேயிலையும் கற்பூர மரத்து இலையும் போட்ட புகையில் காட்டி எடுப்பார்கள். வீட்டில் செய்ய லேசானது தேயிலை முட்டை, அங்கே ரயில் நிலையத்துச் சின்னக் கடையில்கூடக் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஆறு முட்டையை அவியுங்கள். மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை, ஆகவே ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வையுங்கள். பிறகு ஓட்டை உரிக்காமல், கரண்டியின் பின்பக்கத்தால் சுற்றிவரத் தட்டிக் கீறல் விழவைக்க வேண்டும். வேறு சட்டியில் முட்டை மூழ்கத் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேயிலை, நான்கு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு துண்டு கறுவா, இரண்டு அன்னாசிப்பூ, கொஞ்சம் உப்பு. சிறு தீயில் அரை மணித்தியாலம், அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் உரித்தால் வெள்ளையில் மண்ணிறக் கோடுகள் வலைவலையாக ஓடியிருக்கும். டஸ்ட் என்ற தூள் தேயிலை மட்டும் போடாதீர்கள், கசந்துவிடும். பீஓபீ என்ற கொஞ்சம் பெரிய துகள் தேயிலை இருந்தால் நல்லது.

நாவலப்பிட்டி வாசகர்: கந்தசஷ்டிக்கு மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன். சீனச் சாப்பாட்டில் எதை நம்பிச் சாப்பிடலாம் அக்கா?

"மரக்கறி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒயிஸ்டர் சோஸ் சிப்பியில் செய்தது. மாபோ டோஃபு என்ற பேர் பெற்ற சிச்சுவான் கறியில் டோஃபுவோடு அரைத்த இறைச்சியும் கிடக்கும். பௌத்தக் கோயில் சமையல்தான் உங்களுக்குச் சரி, அங்கே வெங்காயமும் உள்ளியும்கூடச் சேர்க்கமாட்டார்கள். வீட்டிலே என்றால் வடகிழக்குச் சீனாவின் தி சான் சியன்: கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியே பொரித்து, சோயா சோஸும் கோன்ஃப்ளவரும் கரைத்த தண்ணீரில் ஒரு பிரட்டு. மூன்றுமே உங்கள் சந்தையில் கிடைப்பவைதான்.

பதுளை வாசகர்: அஜினோமோட்டோ விஷம் என்கிறார்களே?

விஷமில்லை. அது சீனச் சரக்கும் இல்லை, அதன் சுவைக்குக் காரணமான குளுட்டமேட் என்ற பொருளை 1908இல் ஜப்பானில் இகேதா என்ற விஞ்ஞானி கடற்பாசியிலிருந்து பிரித்தார். அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 1968இல் வந்த ஒரு கடிதத்தோடுதான் பயம் பெருத்தது, பிறகு செய்த சோதனைகளில் சாதாரண அளவுக்குப் பெரிய கெடுதி எதுவும் உறுதிப்படவில்லை. அந்தக் குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது, மாசியிலும் இருக்கிறது. ஆனால் அதில் சோடியம் உண்டு, பிரஷர்காரர்கள் உப்போடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நுவரெலியா வாசகி: இங்குள்ள குளிருக்குப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க ஒரு சீன இனிப்புச் சொல்லுங்கள்.

தாங்யுவான். சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள் விளக்குப் பண்டிகைக்குச் செய்வது. வறுத்துப் பொடித்த கறுப்பு எள்ளு, சீனி, பட்டர் மூன்றையும் பிசைந்து சின்ன உருண்டையாக்கி ஃப்ரீசரில் இறுகவையுங்கள். ஒட்டரிசி மாவை வெந்நீரில் குழைத்து, உருண்டையை உள்ளே வைத்து மூடி, கொதிநீரில் போட்டால் வெந்ததும் மிதக்கும். இஞ்சி தட்டிப் போட்ட சூடான பாகில் விட்டுக் கொடுங்கள், நான் அந்தப் பாகுக்குக் கித்துள் கருப்பட்டிதான் போடுவேன். சாதாரண அரிசிமா சரிவராது, வெடித்து எள்ளெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும்.

உங்கள் ஊரில் ஸ்ட்ரோபெரி விளைகிறதே, அதில் தாங்ஹூலுவும் செய்யலாம். பெய்ஜிங் தெருக்களில் குளிர்காலத்தில் ஒருவகைச் சிவப்புப் புளிப்புப் பழத்தைக் குச்சியில் கோத்துச் சீனிப்பாகில் முக்கி விற்பார்கள். பழத்தில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், கிளறாமல் காய்ச்சி, ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் படக்கென்று உடைய வேண்டும். மூடுபனி இறங்குகிற நாளில் மட்டும் வேண்டாம், காற்றிலுள்ள ஈரத்தில் மேல்சீனி கொஞ்ச நேரத்தில் கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். பாகு 150 பாகைக்கு மேல் கொதிப்பது, முக்கி எடுக்கும்வரை பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே நிறுத்துங்கள்.