239ல தொடங்குற அட்ரஸ்ல வர்ற டிவி ஸ்ட்ரீம் அக்சஸ் லிஸ்ட்ல (எந்த ட்ராஃபிக்கை விடணும், எதைத் தடுக்கணும்னு ரவுட்டர், சுவிட்ச்ல போடுற பட்டியல்) மாட்டல்லன்னு கேட்டதுக்கு

வைல்ட்கார்டை (அட்ரஸ்ல எந்த பிட்டெல்லாம் எப்பிடி இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்ற எண்) 15.255.255.255ன்னு மாத்துங்க. நீங்க போட்டிருக்கிற 224.0.0.0 0.255.255.255, முதல் எண் சரியா 224ஆ இருந்தாத்தான் பிடிக்கும், அதனாலதான் உங்க ஹட்டன் ஹோட்டல் டிவிக்கு வர்ற 239.10.1.5 அந்த பெர்மிட்ல (அனுமதிக்கிற வரி) சிக்காம, லிஸ்ட் கடைசியில கண்ணுக்குத் தெரியாம இருக்கிற டினைல (தடுக்கிற வரி) போய் விழுது.

மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமை ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்புறது) அட்ரஸோட முதல் எண் 224ல இருந்து 239 வரைக்கும். அந்த எண்ணோட முதல் 4 பிட் 1110, அது மட்டும் மாறாது, மிச்ச 4 பிட் எப்பிடியும் இருக்கலாம், 8+4+2+1 கூட்டினா 15.

இன்னொன்னு, எக்ஸ்டெண்டட் லிஸ்ட்டுன்னா (சோர்ஸ், டெஸ்டினேஷன் ரெண்டையும் பார்க்கிறது) குரூப் அட்ரஸ், அதாவது மல்டிகாஸ்ட் அட்ரஸ், டெஸ்டினேஷன் பக்கம்தான் வரணும், சோர்ஸ் எப்பவும் சாதாரண யூனிகாஸ்ட் (ஒரே ஒரு மெஷினோட அட்ரஸ்). நிறைய பேர் இங்கதான் மாத்திப் போட்டுடுறாங்க. டிவியை ஓட விட்டுட்டு 'ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்' அடிச்சுப் பாருங்க, அந்த வரியில மேட்ச் எண்ணிக்கை ஏறணும். சில சுவிட்ச்ல ஹார்ட்வேர்லயே ஃபில்டர் ஆகுறதால ஏறாது, அப்ப படம் வருதான்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

பண்டாரவளை லிங்க்ல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒன்னுக்கொன்னு வழி சொல்லிக்கிற ப்ரோட்டோகால்) ஓடுதுன்னீங்களே, அங்க இதே வரியை டினையா மட்டும் போட்டுடாதீங்க, அது பயன்படுத்துற 224.0.0.5, 224.0.0.6 ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்கு, நெய்பர் (பக்கத்து ரவுட்டரோட இருக்கிற தொடர்பு) விழுந்துரும். தடுத்தே ஆகணும்னா அதுக்கு மேல 224.0.0.0 0.0.0.255க்கு ஒரு பெர்மிட் கட்டாயம் போடுங்க.