இ.சி. வேறு, இ.பி.சி. வேறு

கேள்வி: சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டை (1994-ல் கட்டியது) விற்கலாம் என்று இருக்கிறோம். என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறான். அவன் வீட்டை விற்கும்போது 'எனர்ஜி சர்டிபிகேட்' எடுத்தானாம். பேச்சுவாக்கில் தரகரிடம் இதைச் சொல்லிவிட்டேன். 'இங்கேயும் வந்துடுச்சும்மா, அது இல்லாம பத்திரம் பதிய மாட்டாங்க, 8,000 கொடுங்க, வாங்கித் தர்றேன்' என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. கிரயப் பத்திரம் பதிய சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்படி ஒரு சான்றிதழ் கேட்பதில்லை. மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, அப்புறம் இ.சி., இவைதான் வழக்கமாகப் புரளும் காகிதங்கள். அந்த இ.சி. என்பது வில்லங்கச் சான்று. உங்கள் மகன் எடுத்தது இ.பி.சி., அதாவது வீட்டின் எரிசக்தித் திறனுக்குத் தரம் போடும் சான்றிதழ். நடுவில் ஒரு எழுத்துதான் கூடுதல், அந்த ஒரு எழுத்துக்குத்தான் தரகர் 8,000 கேட்கிறார்.

மகன் சொன்னதும் சரிதான். இங்கிலாந்தில் 2007-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் செய்வதற்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வந்து, சுவர் எந்த வகை, கூரைக்கு அடியில் குளிர் இறங்காமல் எவ்வளவு கனத்துக்குப் பஞ்சு விரித்திருக்கிறது, ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா, பாய்லர் என்ன என்றெல்லாம் பார்த்துவிட்டு 'ஏ' முதல் 'ஜி' வரை ஒரு தரம் கொடுப்பார், அது 10 வருஷம் செல்லும். தரம் குறைந்தாலும் விற்கலாம், பேரத்தில்தான் இடிக்கும். அவர்கள் கவலை வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது, நம் கவலைதான் தெரியுமே!

இந்தியாவிலும் இல்லாமல் இல்லை. ஃபிரிட்ஜ், ஏசிக்கெல்லாம் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுக்கிற மத்திய அரசின் பி.இ.இ. அமைப்புதான் 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சுவர், ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி, ஆனால் அது புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு. அப்புறம் வீட்டுக்கே நட்சத்திர லேபிள் வந்தது, அது விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வது. உங்கள் பழைய வீட்டை விற்க இரண்டுமே வேண்டாம். அந்த 8,000-ஐச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், வாங்க வருகிறவர் மேல் அறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார்.

கேள்வி: காட்பாடியில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறேன். சான்றிதழ் எதுவும் கிடையாது என்றால், கரன்ட் செலவு எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், குடியாத்தம்

பதில்: நான் கேட்க மறந்த கேள்வி இது. மார்கழி மாதம் காலை ஏழரை மணிக்குப் போய் வீடு பார்த்தேன், மாடி அறை ஜிலுஜிலுவென்று இருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சித்திரையில் அதே அறையில் ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரில் சாய்ந்தால் முதுகு சுட்டது. மேற்குப் பார்த்த சுவர், பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரிதான் கக்கும்.

அதனால் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை போங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மாடிக்கு ஏறி, தளத்தில் தட்டோடு பதித்திருக்கிறதா, வெறும் சிமென்ட் பூச்சா என்று பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதித்த பழைய தளமாக இருந்தால், விரிசல் இல்லாதவரை அதை இடிக்க விடாதீர்கள். மேஸ்திரி இடிக்கத்தான் சொல்வார்.

அப்புறம் மின்வாரியத்தின் வெள்ளை அட்டையை, இல்லாவிட்டால் பில் கட்டிய ரசீதுகளைக் கேளுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், குளிர்கால பில்லையும் கத்திரி வெயில் கால பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். எத்தனை பேர் இருந்தார்கள், ஏசி எத்தனை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டின் பில்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபேன் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழைய ஃபேன் 75 வாட் இழுத்தால் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும், மாற்றிக்கொள்ளலாம். சுவரை மாற்ற முடியாது. பாக்கி இல்லாத பில்லைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பத்திரத்துக்குப் போங்கள், பதிந்த கையோடு மின் இணைப்பில் பெயரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மாப்பிள்ளை லண்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு விடப் பார்க்கிறார். தரம் 'எஃப்' என்று வந்திருக்கிறது. விடலாமா?
- வாசகர், ஆற்காடு

பதில்: முறைப்படி விலக்கு பதிவு செய்திருந்தால் தவிர, விடக் கூடாது. அங்கே வாடகை வீட்டுக்குக் குறைந்தது 'ஈ' வேண்டும். புது வாடகைக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடுகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் இதுதான் சட்டம். கூரைப் பஞ்சில் தொடங்கி வேலையை முடித்துவிட்டு மறுபடி மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள்.