உபுண்டுவுக்குப் போய்வந்தால் விண்டோஸ் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்தங்குகிறதா?

ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருந்து, உபுண்டுவில் வேலை பார்த்துவிட்டு வந்தால் விண்டோஸ் கடிகாரம் சரியாக 5.30 மணி நேரம் பின்தங்குகிறது என்றால், திருத்தத்தை விண்டோஸில் செய்யுங்கள். உபுண்டுவைத் தொட வேண்டாம்.

மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் ஒன்றுதான். உபுண்டு போன்ற லினக்ஸ் அதில் யுடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதிவைத்து, காட்டும்போது 5.30-ஐக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸோ அங்கே இருப்பதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும்.

உறுதிசெய்ய, உபுண்டுவிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து நேராக பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போங்கள். மாலை 6 மணிக்கு அங்கே பகல் 12.30 என்றிருந்தால் இதேதான்.

1. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை (regedit) அட்மினாகத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கரன்ட்கன்ட்ரோல்செட் → கன்ட்ரோல் → டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் வரை போங்கள்.

2. புதிய டிவேர்டு (32-பிட்) ஒன்றை உருவாக்குங்கள். பெயர் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் (ஆங்கிலத்தில் RealTimeIsUniversal), நடுவில் இடைவெளி வந்தால் வேலை செய்யாது. மதிப்பு 1.

3. ரீஸ்டார்ட் செய்து, நேர அமைப்பில் 'சிங்க் நவ்' கொடுங்கள்.

லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளும் கண்ணில் படும். ஏற்கெனவே அப்படி மாற்றியிருந்தால் முதலில் அதைப் பழையபடி ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்தால் விண்டோஸ் 5.30 மணி நேரம் முந்தி ஓடும்.

தேதியே பழைய ஆண்டுக்குப் போகிறது என்றால் இது காரணமல்ல, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.