இல்லாத பாறையைப் பார்க்கப் போவதில் என்ன இருக்கிறது?

கேள்வி: இடிந்து விழுந்துவிட்ட ஓர் இயற்கைப் பாறைக்கு நினைவிடம் கட்டியிருக்கிறார்களாம். அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கும்? யாராவது போயிருக்கிறீர்களா?

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் கேனன் மலையில் 'மலைக் கிழவர்' என்றொரு பாறை முகம் இருந்தது. ஐந்து கருங்கல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அப்படியே தெரியும். உயரம் சுமார் 40 அடி. 2003 மே 3 அதிகாலை இருட்டில் அது சரிந்துவிட்டது. அடிவாரத்தில் மக்கள் பூ கொண்டுவந்து வைத்தார்களாம், ஏதோ வீட்டுப் பெரியவர் போனதுபோல்.

நான் அந்த மாநிலத்துக்குக் குடிவந்தது அதற்கெல்லாம் பிறகு. ஆனாலும் என் கார் நம்பர் பிளேட்டில் அவர்தான், நெடுஞ்சாலைப் பலகைகளிலும் அவர்தான்.

விரிசலில் தண்ணீர் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துவிட்டது. 1916-லேயே இரும்புக் கம்பிகளால் நெற்றிப் பாறையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற்பாடு நீல்ஸ் நீல்சன் என்பவர் வருடா வருடம் கோடையில் கயிற்றில் இறங்கி விரிசல்களைச் சுத்தம் செய்து அடைத்துவந்தார். அவருக்குப் பின் அவர் மகன் டேவிட். 2001-இல் நீல்ஸ் இறந்த பிறகு அவருடைய அஸ்தியில் கொஞ்சத்தை மகன் கிழவரின் கண்ணில் வைத்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

சரி, நினைவிடத்துக்கு வருகிறேன். மலைக்குக் கீழே புரொஃபைல் ஏரிக்கரையில் உயரமான எஃகுத் தூண்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தூணின் மேல்முனையில் ஒரு பக்கம் மட்டும் மேடு பள்ளமாக இருக்கும். கிட்டே நின்று பார்த்தால் அதில் ஒன்றும் விளங்காது. தரையில் அவரவர் உயரத்துக்கு ஏற்ற இடம் குறித்திருக்கிறது. அங்கே நின்று தூணை ஒட்டி அண்ணாந்து பார்த்தால், அந்த மேடு பள்ளம் எதிரே உள்ள பாறை விளிம்போடு பொருந்தி, முகம் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது! என் மகள் அவள் உயரக் குறியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடினாள். "அப்பா, மூக்கு வந்துடுச்சு" என்றாள். ஓர் அடி தள்ளி நின்றதும் போய்விட்டது. மறுபடி திரும்பி வந்து நின்றாள்.

பழைய முகமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. சரியான இடத்திலிருந்து பார்த்தால்தான் கிழவர், கொஞ்சம் நகர்ந்தால் வெறும் கற்கள். மலைமேல் செயற்கையாக ஒரு முகம் செய்து வைக்கலாம் என்றும் அப்போது யோசனை வந்தது. அதை ஏற்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. பொம்மை முகம் வைத்திருந்தால் நான் இரண்டாவது முறை போயிருக்க மாட்டேன்.

மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். நாங்கள் முதல் முறை போனபோது மலையுச்சியே தெரியவில்லை. தூண்களை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.